நோட்டீஸில் ஆறாவது பெயர்

எங்கள் ஷீர் ஊர்க் கோவிலின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு ஊரின் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். இரண்டு ஆயர்கள் இருக்கிறார்கள், ஒரு நீதிபதி இருக்கிறார், பிரேசிலில் சம்பாதித்துத் திரும்பி வந்து பள்ளிக்கூடம் கட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர்களைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. நான் முன்தஹா ஷல்ஹூபைப் பற்றி எழுதுகிறேன். மலர்க் குழுவுக்குப் பிடிக்காவிட்டால் திருப்பித் தந்துவிடட்டும், ஒரு வரியும் மாற்ற வேண்டாம்.

முன்தஹா பிறந்தது 1938 மார்ச் 3, காலை ஆறே கால் மணி. மீன் பிடிக்கிற தன்னூஸ் ஷல்ஹூபுக்கும் ராஹீலுக்கும் அவள் ஆறாவது பெண். முன்தஹா என்றால் முடிவு. போதும்பொண்ணு என்று வைப்பது போலத்தான். பெண் பிறந்தது இத்தோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற வீடுகளில் வைக்கிற பெயர். வேண்டுதல் பலித்தது. மூன்று வருடம் கழித்து ஃபாரிஸ் பிறந்தான். அன்றுமுதல் ராஹீலை ஊரில் எல்லாரும் 'ஃபாரிஸ் அம்மா' என்று கூப்பிட்டார்கள். மூத்தவள் அத்லா பிறந்தது 1926-இல். முன்தஹா பின்னாளில் என்னிடம் சொன்னாள்: "பதினஞ்சு வருஷம் அம்மாவுக்கு ஊர்ல ஒரு பேரே இல்ல முக்தார். ஆறு பெத்தும் அவ யாரோட அம்மாவும் இல்லையாம்."

முக்தார் என்பது என் வேலை. பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி முத்திரை வைப்பவன். எனக்கு முன்னால் என் அப்பா பார்த்தார். பதினாறு வயதிலிருந்தே பதிவேட்டில் எழுதும் கை என்னுடையது.

தன்னூஸுக்கு வலை இழுக்க ஆள் வேண்டியிருந்தது. பையன் வளரும்வரை காத்திருக்க முடியாது. 1947-இல் ஒன்பது வயது முன்தஹாவைப் படகில் ஏற்றினார். பதின்மூன்று வயதில் அவள் வீச்சு வலையைத் தனியாக வீசினாள். வலை தண்ணீரில் வட்டமாக விழும், ஒரு பக்கமும் மடங்காது. அதைப் பார்ப்பதற்கென்றே துறையில் ஆட்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 1953 கோடையில் ஃபாரிஸுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் தன்னூஸ் அவளைக் கரையில் இறக்கிவிட்டு அவனை ஏற்றினார்.

ஃபாரிஸுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. துறைச் சுவரைத் தாண்டுவதற்குள் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுவிடுவான். கரையில் இருந்தவர்கள் விடவில்லை.

"தன்னூஸ், பையன் மீனுக்கு இரை போடறானா?"

"நல்ல இரையா இருக்கே, காலையில என்ன சாப்பிட்டான்?"

ஒரு நாள் படகு திரும்பியதும் முன்தஹா தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று அப்பாவிடம் கேட்டாள்: "அவன் வாந்தி எடுத்து முடிக்கற வரைக்கும் நான் வலை போடறேனே?"

"பொண்ணு வலை போட்டா ஆம்பளப் புள்ள என்ன பண்ணுவான்?"

"வாந்தி எடுக்கட்டும்."

ஊர் பார்க்க ஓர் அறை விழுந்தது. ஃபாரிஸ் இரண்டு கோடை தாக்குப் பிடித்தான், பிறகு நெடுஞ்சாலையில் தரைக்கல் கடையில் வேலைக்குப் போனான். தன்னூஸ் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார். முன்தஹா கரையிலேயே இருந்தாள், மற்றவர்கள் கிழித்துக்கொண்டு வந்த வலைகளைத் தைத்தாள். ஏழு வருடம்.

கடற்பஞ்சு எடுக்க முங்குகிறவர்கள் கோடைதோறும் வடக்கே அன்ஃபேயிலிருந்து எங்கள் துறைக்கு வருவார்கள். அவர்களில் நிகூலா என்பவன் முன்தஹாவிடம் வலை தைக்கக் கொடுத்தான், பிறகு கிழியாத வலையையும் கொடுத்தான். 1960 ஆகஸ்டில் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். நிகூலா ஆர்த்தடாக்ஸ் சபை, நாங்கள் மாரோனியக் கத்தோலிக்கர். இரண்டு சபைக்கும் ஈஸ்டர் பெரும்பாலும் வேறு வேறு நாளில் வரும். தன்னூஸ் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவனுக்குப் பொண்ணு குடுத்தா, என் பேரப்புள்ளைக்கு ஈஸ்டர் என்னிக்குன்னு நான் எந்தச் சாமியார்கிட்டப் போய்க் கேட்கறது?"

பெண்கள் ஓடிப்போவது எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. இருட்டின பிறகு போவார்கள், விடிந்ததும் வீட்டில் கூச்சல் எழும், ஒரு மாதத்தில் சமாதானம் ஆகும். முன்தஹா போனது செப்டம்பர் 24, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. தலையில் துணி மூட்டையோடு துறையின் நடுவழியாக நடந்தாள். சுவரோரம் பகடை ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"எங்கம்மா போற?"

"ஓடிப் போறேன் மாமா."

"இந்த நேரத்துலயா? வெயில் கூடத் தாழலையே!"

"இருட்டுல போனா கால் இடறும்."

தன்னூஸ் அப்போது தன் படகில் இருந்தார். நிகூலாவின் படகு அவர் படகைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தாண்டியது. முன்தஹா உட்காரவில்லை, நின்றுகொண்டே போனாள்.

சமாதானம் ஆகவில்லை. நாற்பது நாள் கழித்து அவள் புருஷனோடு திரும்பி வந்தாள். வந்து, எங்கள் கீழ்த்தெருவிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். அப்பன் வீட்டு வாசலுக்கும் அவள் வாசலுக்கும் முப்பத்தெட்டு மீட்டர், நான் அளந்திருக்கிறேன். ஓடிப்போனவள் இவ்வளவு பக்கத்தில் வந்து குடியிருந்தது எங்கள் பதிவேட்டில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. முறைப்படி அவள் பெயரை எங்கள் ஏட்டில் கோடிட்டு, புருஷன் ஊர் ஏட்டுக்கு மாற்றினேன். கோடிட்டாலும் பெயர் படிக்கும்படிதான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் தன்னூஸ் கோவில் படியில் நின்று மீசையில் கை வைத்தார். "எனக்கு அஞ்சு பொண்ணு, ஒரு பையன். வேற கணக்கு சொல்றவன் என்கிட்ட வரட்டும்." யாரும் வரவில்லை.

1961-இல் எங்கள் ஈஸ்டர் ஏப்ரல் 2, அவர்களுடையது 9. முன்தஹா இரண்டு நாளும் முட்டைக்குச் சாயம் போட்டு ஜன்னலில் வைத்தாள். ஒன்பதாம் தேதி தன்னூஸ் தெருவில் நின்று யாரையும் பார்க்காமல் பேசினார்:

"ஊரு முட்டை உடைச்சு ஒரு வாரம் ஆச்சு. சிலர் வீட்டுல கிறிஸ்து இப்பத்தான் கண்ணு முழிக்கறாரு போல."

ஜன்னலிலிருந்து பதில் வந்தது: "எங்க வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவ எழுந்திருக்கறாரு. உங்க வீட்டுல ஒரு தடவ எழுந்தும் பிரயோசனம் இல்லையே, கோவம் அப்படியே கிடக்கே!"

நிகூலாவுக்கு ஆழத்தில் போய்ப் போய்ப் பாதிக் காது கேட்காது. மாமனார் திட்டியதில் பாதி அவனுக்குப் போய்ச் சேரவில்லை. மீதியை அவன் பொருட்படுத்தவில்லை. 1966-இல் வைத்தியர் முங்கக் கூடாது என்று சொன்னதும் ஒரு பழைய படகை வாங்கினார்கள். துடுப்பு முன்தஹா கைக்கு வந்தது. முப்பத்தொரு படகு இருந்த துறையில் பெண் ஓட்டிய படகு அது ஒன்றுதான். படகுக்கு நீல பெயின்ட் அடித்து, அப்பாவின் படகுக்கு அடுத்த வளையத்தில் கட்டினாள். அது பொது வளையம், யாரும் கட்டலாம். பதின்மூன்று வருடம் இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தன்னூஸ் 1979 நவம்பர் 14 அன்று இறந்தார்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில் மணி, அடுத்து நோட்டீஸ். சிலுவை போட்ட வெள்ளைத் தாள். இறந்தவர் பெயர், பிறகு மகன்கள், பிறகு மகள்கள், ஒவ்வொரு மகளுக்கும் பக்கத்தில் புருஷன் பெயரும் குடும்பமும், பிறகு சம்பந்தி வீடுகள், கடைசியில் 'ஊரிலும் வெளிநாடுகளிலும் உள்ள உற்றார் உறவினர்'. கோவில் கதவு, கம்பங்கள், கடைச் சுவர்கள், அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருப்பவர் வராவிட்டால் குற்றம். பெயர் இல்லாதவர் வந்தால் விருந்தாளி. வரிசை தவறினால் பத்து வருடம் பேச்சு நிற்கும். அதனால்தான் அதை எழுதும் வேலை பதிவேடு வைத்திருப்பவனிடம் வருகிறது.

ஃபாரிஸ் வந்து ஐந்து அக்காமார் பெயரைச் சொன்னான். பதிவேட்டில் ஆறு இருந்தது. துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் ஐந்தை எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது தவறு.

நோட்டீஸ் ஒட்டி ஒரு மணி நேரத்தில் முன்தஹா என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"முக்தார், எண்ண மறந்துட்டீங்களா?"

"ஃபாரிஸ் சொன்னதை எழுதினேன்மா."

"கடல்ல தண்ணி இல்லைன்னு அவன் சொன்னா அதையும் எழுதி முத்திரை வைப்பீங்களா?"

அவள் நேராகத் துறைக்குப் போனாள். படகுக்கு அடிக்கும் நீல பெயின்ட்டையும் சின்ன தூரிகையையும் எடுத்துக்கொண்டு கம்பம் கம்பமாக, சுவர் சுவராகப் போனாள். ஐந்தாவது பெயருக்கும் சம்பந்தி வீடுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தன் பெயரையும் நிகூலா பெயரையும் எழுதினாள். கன்னியர் பள்ளியில் நான்கு வருடம் படித்த கையெழுத்து, தெளிவாக இருந்தது. அச்சடித்தது அறுபது, அவள் எழுதியது ஐம்பத்தொன்பதில். மிச்சம் ஒன்று என் இழுப்பறையில் இருந்தது. ஃபாரிஸின் கடைக் கதவில் இருந்ததையும் அவள் விடவில்லை. படகு பெயின்ட் கடல் தண்ணீருக்கே போகாது, ஈரத் துணிக்கா போகும்? மேல் ஊரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "இந்த நீல எழுத்து நல்லா இருக்கே, புது அச்சா?"

துக்கம் கேட்கும் மூன்று நாளும் அவள் பெண்கள் உட்காரும் கூடத்துக்கு வந்தாள். அக்காமார் வரிசையில் உட்கார நாற்காலி போடக் கூடாது என்று ஃபாரிஸ் ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். அவள் நின்றாள். காலை ஒன்பதுமுதல் மாலை ஏழுவரை, வரிசையின் கடைசியில், ஐந்தாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். வந்தவர்கள் ஐந்து பேருக்குக் கை கொடுத்துவிட்டு ஆறாவதாக அவளிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது. கை கொடுக்காமல் போனவர்கள் நான்கு பேர். அவர்கள் பெயர் இங்கே வேண்டாம்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம். ராஹீல் தினமும் காலையில் முப்பத்தெட்டு மீட்டர் நடந்து மகள் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தார். ஃபாரிஸ் தடுக்கவில்லை, அந்த வாசலைப் பார்க்கவும் இல்லை. ராஹீல் இறந்தது 1994 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. அடுத்த நாள் எங்கள் சபைப் புனிதர் மார் மாரூனின் திருநாள். அச்சகம் திறக்காது. அடக்கம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு. அப்படியானால் நோட்டீஸ் செவ்வாய்க்கிழமையே பகல் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பத்து மணிக்கு ஃபாரிஸ் என் அறைக்கு வந்தான். அவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, தரைக்கல் கடை அவனுடையதாகியிருந்தது, முதுகு வளைந்திருந்தது. அவனுக்குப் பின்னால் ஐந்து அக்காமாரும் கறுப்பு உடையில் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். கடைசியில் முன்தஹா வந்தாள். உட்காரவில்லை. கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

நான் வரைவை முன்பே எழுதி வைத்திருந்தேன். ஃபாரிஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தான். மகள்கள் வரியில் நின்றான்.

"இதுல ஆறு பேரு இருக்கு."

"பதிவேட்டுல ஆறு இருக்கு" என்றேன்.

"போன தடவ அஞ்சுதானே எழுதினீங்க?"

"போன தடவ தப்பா எழுதினேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "முக்தார், அப்பா சாகறப்ப என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்கினாரு. என் நோட்டீஸ்லயும் சரி, உங்கம்மா நோட்டீஸ்லயும் சரி, அந்தப் பேரு வரக் கூடாதுன்னு. நான் சரின்னேன். செத்தவருக்குக் குடுத்த வார்த்தை."

"செத்தவரு அவரு" என்றாள் முன்தஹா கதவிலிருந்து. "நான் இங்க நிக்கறேன். என்னைப் பாத்துப் பேசு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னிடமே சொன்னான்: "கடைசி வரியில 'ஊரிலும் வெளிநாடுகளிலும் உள்ள உறவினர்'னு வருதில்ல? அதுல எல்லாரும் அடக்கம்தானே. அவளும் அதுல வந்துட்டா."

"முப்பத்தெட்டு மீட்டர்டா" என்றாள் முன்தஹா. "நான் ஊரா, வெளிநாடா?"

"சரி, பேரே வேண்டாம். 'அவருடைய மகள்கள்'னு மட்டும் போடுங்க. எத்தனைன்னு யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேன். வாசல்ல பெயின்ட் டப்பா இருக்கு. போன தடவ நீலம். இந்தத் தடவ சிவப்பு. இன்னைக்கு அச்சகத்துக்கு ஆறு பேரோட தாள் போனா இந்தக் கதவு மட்டும் திறக்கும். இல்லேன்னா கதவு திறக்கும், டப்பாவும் திறக்கும்."

"அம்மா சாவுலயும் அசிங்கப்படுத்தணுமா?"

"எது அசிங்கம்? பேரை எழுதறதா, அழிக்கறதா?"

ஃபாரிஸ் எழுந்தான். "தலைமகன் நான். நோட்டீஸ் என் பேர்ல வருது. நான் சொல்றதுதான். அஞ்சு."

அப்போது அத்லா கைத்தடியைத் தரையில் தட்டினாள். அறுபத்தெட்டு வயது, காது மந்தம், எதையும் சத்தமாகத்தான் சொல்வாள். "முக்தார்! அப்ப என் பேரையும் அடிச்சிடுங்க."

"அக்கா, நீ சும்மா இரு."

"என்ன?"

"சும்மா இருன்னேன்!"

"அறுபத்தெட்டு வருஷம் இருந்தாச்சு. நாலு போடுங்க முக்தார்."

அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஸாஹியா ஐந்து பேரில் இளையவள், வாய்க்காரி. "மூணு" என்றாள். "நானும் இல்ல." மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு இரண்டு பேரும் தூக்கினார்கள்.

ஃபாரிஸ் உட்கார்ந்தான். "பொண்ணே இல்லாத நோட்டீஸா? ஆறு பெத்தவளுக்கு?"

"உனக்கு ஞாபகம் இருக்கே, ஆறுன்னு!" என்றாள் ஸாஹியா. "அஞ்சு மாப்பிள்ள வீடும் நோட்டீஸ்ல இருக்காது. அவங்களுக்கு வரணும்னு கட்டாயம் கிடையாது. அம்மாவத் தூக்க எட்டு தோள் வேணும். ஷல்ஹூப் வீட்டுல இருக்கறது ஒரே ஒரு தோள், அதுவும் கல்லுத் தூக்கி வளைஞ்சு கிடக்கு. நீயே தூக்கிட்டுப் போ."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்தஹா மட்டும் முகம் மாறாமல் அக்காமாரைப் பார்த்தாள். "எழுபத்தொம்பதுல எங்கடி போயிருந்தீங்க? மூணு நாள் பக்கத்துல நின்னேன். ஒருத்தியாவது எழுந்து நாற்காலியக் குடுத்தீங்களா?"

அத்லாவுக்கு இது மட்டும் எப்படியோ கேட்டிருந்தது. "அப்பா செத்திருந்தாரு" என்றாள், முதல் தடவையாக மெதுவான குரலில். "அவர்கிட்ட இருந்த பயம் சாகல. என்ன பண்ணச் சொல்ற? நீ நாலு மணிக்கு வெயில்ல ஓடினவ. நாங்க அப்படி இல்ல."

"சரி" என்றாள் முன்தஹா. "இன்னைக்காவது வந்தீங்களே." அதற்கு மேல் இரக்கம் காட்டவில்லை.

ஃபாரிஸ் எழுந்து கதவருகே வந்தான். அவள் நகரவில்லை.

"மூச்சு முட்டுது. வெளிய விடு."

"தாள எடுத்துட்டுப் போறியா?"

"வெறுங்கையோட போறேன்." கையை விரித்துக் காட்டினான்.

அவள் விலகினாள். மணி பதினொன்று பத்து. அவன் கடல் சுவர்வரை நடந்துபோய் நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அலை சுவரில் மோதித் தெறித்தது, அவன் நகரவில்லை. உள்ளே அத்லா ஜெபமாலையை எடுத்து உருட்டினாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு அவன் கோட்டு நனைந்து திரும்பி வந்தான்.

"எழுதுங்க" என்றான். "ஆறு."

வரைவில் ஆறு ஏற்கெனவே எழுதித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"ஆனா ஒண்ணு. நான் ஒட்ட மாட்டேன்." கோவில் கதவில் முதல் தாளைத் தலைமகன் ஒட்ட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அது எங்கள் ஊர் வழக்கம். "என் கையால அந்தத் தாள் எந்தச் சுவர்லயும் ஏறாது. சத்தியம் அந்த அளவுக்காவது நிக்கட்டும்."

"அப்ப முதல் தாளை வேற யாரு ஒட்டுவா?" என்று கேட்டேன்.

"நான்" என்றாள் முன்தஹா. "போன தடவ ஒட்டினதுல எழுதினேன். இன்னைக்கு அச்சடிச்சதை ஒட்டறேன்."

தாள்கள் இரண்டரை மணிக்கு வந்தன. எண்பது. வழக்கமாக ஒட்டுகிற ஆள் திருநாளுக்கு மலை ஊருக்குப் போயிருந்தான். மாவுப் பசையை ஸாஹியா காய்ச்சிக் கொடுத்தாள். கோவில் வாசலில் ஊர் கூடியிருந்தது. முதல் தாள் ஏறுவதைப் பார்க்க எப்போதும் கூடும், அன்று கொஞ்சம் அதிகம். ஃபாரிஸும் வந்து கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தள்ளி நின்றான்.

முன்தஹா தூரிகையால் கதவில் பசையைத் தடவினாள். தாளை வைத்தாள். நேராக இருக்கிறதா என்று பின்னால் வந்து பார்த்தாள், உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். யாரோ பின்னாலிருந்து, "ஆம்பளப் புள்ள இருக்கறப்ப பொண்ணு ஒட்டறதா?" என்றார்கள்.

திரும்பாமலே சொன்னாள்: "வலையும் நான்தான் போட்டேன். மீனு வந்துச்சில்ல?"

பிறகு பசை வாளியைத் தூக்கினாள். ஒரு கையில் வாளி, ஒரு கக்கத்தில் எழுபத்தொன்பது தாள். மேல் ஊர்வரை படிக்கட்டு. அவளுக்கும் ஐம்பத்தைந்து வயது முடிந்திருந்தது. இரண்டு படி ஏறிவிட்டு நின்று, வாளியைக் கீழே வைத்தாள்.

"ஃபாரிஸ்."

முப்பத்துமூன்று வருடத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

"ஒட்ட மாட்டேன்னுதான் சொன்ன. தூக்க மாட்டேன்னு சொல்லல. வாளிய எடு."

கூட்டம் முழுவதும் அவனைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் எதுவும் சொல்வேனோ என்று. அவன் கைகளைப் பையிலிருந்து எடுத்தான், இரண்டு படி ஏறினான், வாளியைத் தூக்கினான். அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் போனான்.

நானும் போனேன், பிரதிகளின் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக. கடைச் சுவர்களில் பன்னிரண்டு, கம்பங்களில் முப்பத்தொன்று. மீதி முப்பத்தைந்து அக்கம்பக்கத்து ஊர்களுக்கு. ஃபாரிஸின் கடைக் கதவில் ஒன்று. அங்கே அவன் வாளியை வைத்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பி நின்றான். மேல் ஊர் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கடல் காற்று எழுந்திருந்தது. அங்கே கடைசிக் கம்பத்தில் அவள் தாளை வைத்தாள். கீழ் ஓரத்தைப் பிடித்தால் மேல் ஓரம் எழும்பியது, மேலே பிடித்தால் கீழே பறந்தது. தாள் அவள் முகத்தில் வந்து அடித்தது.

"மேல் மூலையப் பிடி" என்றாள்.

"நான் ஒட்ட மாட்டேன்னு..."

"யாரு உன்னை ஒட்டச் சொன்னா? ஒட்டறது நான். பிடிக்கறது நீ. அப்பா கேட்டா அப்படியே சொல்லு."

அவன் வாளியைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் மேல் மூலைகள் இரண்டையும் கம்பத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். அவள் பசையைத் தடவி நீவினாள். அவசரப்படவில்லை. பசை காயும்வரை கையை எடுக்காதே என்று சொன்னாள். அவன் எடுக்கவில்லை. அவன் மூக்குக்கு நேராக ஆறு பெயரும் இருந்தன. கண்ணாடி இல்லாமலேயே படிக்கிற தூரம்தான். ஆனாலும் அவன் ஒட்டவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.